‘நடுநிலை’ என்றால் பதில் சொல்லாமல் இருப்பதா? அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவரின் கேள்விக்குச் சட்ட ஆலோசனை

கடிதத்தின் சுருக்கம்: எழுதியிருப்பவர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கும் ஆசிரியை. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறோம். ‘தாவரங்கள் மற்றும் விலங்குகளில் இனப்பெருக்கம்’ பாடத்தை நடத்தும்போது, கூச்சத்தால் கேட்கத் தயங்கும் பிள்ளைகளுக்காக மேசையில் ஓர் அட்டைப்பெட்டியை வைத்து, சந்தேகங்களைப் பெயர் போடாமல் துண்டுச்சீட்டில் எழுதிப் போடச் சொல்லியிருக்கிறார். ஒரு சீட்டில் “பையனுக்குப் பையனைப் பிடிச்சா அது வியாதியா மிஸ்?” என்று இருந்தது. “வியாதி இல்லை. சட்டப்படி குற்றமும் இல்லை. இப்போதெல்லாம் அவர்கள் கல்யாணமே செய்துகொள்ளலாம்” என்று மூன்று வாக்கியம் சொல்லிவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார்.

அந்தப் பதிலை யாரோ செல்போனில் பதிவு செய்து பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட, மறுநாள் இரண்டு பெற்றோர் பள்ளிக்கு வந்து சத்தம் போட்டிருக்கிறார்கள். “நாம் அரசு ஊழியர்கள். அரசு இதில் நடுநிலை. ஆதரித்தும் பேசக்கூடாது, எதிர்த்தும் பேசக்கூடாது. பெட்டியை எடுங்கள். மீறினால் 17 பி வரும்” என்று, அதாவது பெரிய தண்டனைக்கான துறை ஒழுங்கு நடவடிக்கை வரும் என்று, தலைமையாசிரியர் வாய்மொழியாகச் சொல்லிவிட்டார். அதே வகுப்பில் ஒரு மாணவனை மற்றவர்கள் மாதக்கணக்கில் ‘ஒம்போது’ என்று கூப்பிடுகிறார்கள். இடைவேளையில் கழிப்பறைக்குப் போகப் பயந்து, மணி அடித்தபின் அனுமதி கேட்கிறான். அதைத் தலைமையாசிரியர் “பசங்க விளையாட்டு” என்கிறார். தனக்குப் பையன்களைத்தான் பிடிக்கிறது என்று அந்த மாணவன் ஆசிரியையிடம் தனியாகச் சொல்லியிருக்கிறான். அவன் அப்பா அரசல்புரசலாகக் கேள்விப்பட்டு, ‘சரிசெய்ய’ டாக்டர் தேடுகிறாராம். “என் வேலைக்கு ஆபத்தா? பெற்றோரிடம் நான் சொல்லியாக வேண்டுமா? போக்சோவில் புகார் கொடுக்க வேண்டுமா? நடுநிலைதான் சரியென்றால் நான் என்ன செய்வது?” இவை அவரது கேள்விகள்.

அன்புச் சகோதரிக்கு,

முதலில் வேலை பற்றிய பயத்தைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். பாடத்தோடு ஒட்டி வந்த கேள்விக்கு வகுப்பறைக்குள் மருத்துவமும் சட்டமும் சொல்வதைக் குற்றமாக்கும் விதி எதுவும் அரசுப் பணியாளர் நடத்தை விதிகளில் இல்லை. ஆனால் நீங்கள் சொன்ன மூன்று வாக்கியங்களும் ஒரே தரத்தவை அல்ல. ஒன்று முழுக்கச் சரி, ஒன்று சரிதான் ஆனால் முழுமையில்லை, ஒன்று தவறு. உங்களைக் குறைசொல்ல நினைப்பவர்கள் அந்தத் தவறைத்தான் பிடித்துக்கொள்வார்கள். அதனால் அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவோம்.

நீங்கள் சொன்ன மூன்று வாக்கியங்கள்

“வியாதி இல்லை.” இது சரி. உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே தன்பாலீர்ப்பை, அதாவது தன் பாலினத்தவர் மீதே ஏற்படும் ஈர்ப்பை, நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. இந்திய மனநல மருத்துவர் சங்கமும் இது நோயல்ல என்று 2018-ல் வெளிப்படையாகச் சொன்னது. நம் நாட்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, ஒருவர் தன் சமூகத்தின் ஒழுக்க, பண்பாட்டு, மத வழக்கங்களோடு ஒத்துப்போகவில்லை என்பதை வைத்து அவருக்கு மனநோய் என்று தீர்மானிக்கக் கூடாது என்கிறது. இந்த வாக்கியத்துக்காக நீங்கள் யாரிடமும் வருத்தம் தெரிவிக்க வேண்டியதில்லை.

“சட்டப்படி குற்றமும் இல்லை.” அடிப்படை சரி, ஆனால் வகுப்பில் இருப்பவர்கள் 15 வயதுப் பிள்ளைகள் என்பதை மறந்துவிட்டீர்கள். 2018 செப்டம்பர் 6 அன்று நவ்தேஜ் சிங் ஜோஹர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது, 18 வயது நிரம்பியவர்கள் சம்மதத்தோடு தனிமையில் கொள்ளும் உறவு குற்றமல்ல என்பது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில், இத்தகைய உறவைக் குற்றமாக்கி வந்த பழைய சட்டத்தின் 377-வது பிரிவே இல்லை. ஆனால் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் போக்சோ சட்டம் பொருந்தும். அது ஆண், பெண் என்று பிரித்துப் பார்க்காது, சம்மதத்தையும் ஏற்காது. ஒருவரைப் பிடித்திருப்பது எந்த வயதிலும் குற்றமில்லை, பாலியல் செயலுக்கு மட்டுமே வயது வரம்பு உண்டு. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லியிருக்க வேண்டும்.

“கல்யாணமே செய்துகொள்ளலாம்.” இது தவறு. 2023 அக்டோபர் 17 அன்று சுப்ரியோ வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, ஒரே பாலினத்தவரின் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் தர மறுத்து, அது நாடாளுமன்றம் முடிவு செய்ய வேண்டியது என்றது. சேர்ந்து வாழ்வது குற்றமில்லை. திருமணம் ஒன்றுதான் குடும்பம் அமைக்கும் வழி என்றில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 மே மாதம் ஒரு வழக்கில் சொல்லியும் இருக்கிறது. ஆனாலும் பதிவு செய்யத்தக்க திருமணம் என்பது இன்றைய தேதியில் கிடையாது. அடுத்த வகுப்பில், “போன முறை கல்யாணம் பற்றி நான் சொன்னது சரியில்லை, சட்டம் இன்னும் அதை ஏற்கவில்லை” என்று ஒரே வரியில் திருத்துங்கள். தவறான தகவலை நீங்களே திருத்தியிருப்பது பின்னால் விசாரணை என்று வந்தாலும் உங்களுக்குத் துணை நிற்கும்.

‘அரசு நடுநிலை’ என்பது எங்கிருந்து வந்தது?

தலைமையாசிரியர் அதைக் காற்றிலிருந்து பிடிக்கவில்லை. 2018 ஜூலையில், 377-வது பிரிவு செல்லுமா என்ற கேள்வியை நீதிமன்றத்தின் தீர்மானத்துக்கே விட்டுவிடுவதாக மத்திய அரசு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது உண்மை. எதிர்க்கவும் இல்லை, ஆதரிக்கவும் இல்லை. ஆனால் அது வழக்கில் ஒரு தரப்பாக நின்றபோது அரசு எடுத்த நிலை. தீர்ப்பு வந்தபின் அரசியலமைப்பின் 141-வது பிரிவின்படி அது நாடு முழுவதையும் கட்டுப்படுத்தும் சட்டம். ஒரு சட்டம் இருக்கிறதா இல்லையா என்பதில் அரசு அலுவலகம் எதுவும் நடுநிலை வகிக்க முடியாது. அந்தத் தீர்ப்பிலேயே, இதை ஊடகங்கள் வழியாகப் பரவலாகத் தெரியப்படுத்த வேண்டும், அரசு அலுவலர்களுக்கும் குறிப்பாகக் காவல் துறைக்கும் இதுபற்றிய புரிதலை ஏற்படுத்த வேண்டும் என்று மத்திய அரசுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. தீர்ப்பை எடுத்துச் சொல்லுங்கள் என்று நீதிமன்றமே சொல்லியிருக்கும்போது, அதைச் சொன்ன ஆசிரியர் நடுநிலை தவறிவிட்டார் என்பது பொருந்தாது.

கல்வியில் அரசு கட்டாயம் ஒதுங்கி நிற்க வேண்டும் என்று அரசியலமைப்பு நினைத்த இடம் ஒன்று உண்டு. அதை அது வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. 28(1)-வது பிரிவு, முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிலையத்தில் மதபோதனை கூடாது என்கிறது. அங்கேயும்கூட, மதங்களைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பது வேறு, மதபோதனை வேறு என்று அருணா ராய் வழக்கில் 2002-ல் உச்ச நீதிமன்றம் பிரித்துக் காட்டியது. எழுதப்பட்ட தடை இருக்கும் இடத்திலேயே தகவல் சொல்ல அனுமதி உண்டு. பாலீர்ப்பைப் பொறுத்தவரை அப்படி எழுதப்பட்ட தடையே கிடையாது.

இந்தக் கேள்வி நம் நாட்டுக்கு மட்டும் வந்ததல்ல. டென்மார்க்கில் அரசுப் பள்ளிகளில் பாலியல் கல்வியைக் கட்டாயமாக்கியபோது, மத நம்பிக்கை உள்ள சில பெற்றோர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார்கள். 1976-ல் வந்த தீர்ப்பு, தகவலைப் புறவயமாகவும் ஆராய்ந்து பார்க்கும் விதத்திலும் பல கருத்துகளுக்கு இடம்தந்தும் சொன்னால் போதும், ஒரு கருத்தைத் திணிக்காதவரை அது பெற்றோரின் உரிமையை மீறுவதாகாது என்றது. அந்தத் தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனால் நடுநிலைக்கு நான் அறிந்தவரை இதைவிடத் தெளிவான அளவுகோல் இல்லை. நடுநிலை என்பது சொல்லும் விதத்தில் இருக்க வேண்டும் என்றுதான் அந்த நீதிமன்றம் சொன்னது. பாடத்தையே விட்டுவிடு என்று சொல்லவில்லை.

இதற்கு நேர்மாறாக நடந்ததும் உண்டு. பிரிட்டனில் 1988-ல் வந்த உள்ளாட்சிச் சட்டத்தின் 28-வது பிரிவு, உள்ளாட்சி அமைப்புகள் தன்பாலீர்ப்பை ‘ஊக்குவிக்க’ கூடாது என்றது. ‘ஊக்குவிப்பது’ என்றால் என்ன என்று யாருக்கும் தெளிவாகத் தெரியவில்லை. அந்தப் பிரிவின் கீழ் ஆசிரியர் எவரும் தண்டிக்கப்பட்டதில்லை. ஆனாலும் பயந்துபோன ஆசிரியர்கள், வகுப்பில் கேலி நடந்தாலும் கண்டுகொள்ளாமல் போனார்கள். ஸ்காட்லாந்து அதை 2000-ல் நீக்கியது, இங்கிலாந்தும் வேல்ஸும் 2003-ல் நீக்கின. உங்கள் தலைமையாசிரியரின் வாய்மொழி உத்தரவும் இதே வகைதான்: எது கூடாது என்று சொல்லாமலே எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறது.

அவர் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அவர் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை 2007-ல் மகாராஷ்டிரம், கர்நாடகம், மத்தியப் பிரதேசம், குஜராத் போன்ற மாநிலங்கள் எதிர்ப்புக்குப் பணிந்து நிறுத்தின. திருநர் குழந்தைகளைப் பள்ளியில் உள்ளடக்குவது பற்றி என்சிஇஆர்டி 2021-ல் வெளியிட்ட ஆசிரியர் கையேடு, புகார் வந்ததும் இணையதளத்திலிருந்து காணாமல் போனது. மேலிடம் இப்படிப் பின்வாங்குவதைப் பார்த்த ஒருவர் ‘நமக்கேன் வம்பு’ என்று நினைப்பது இயல்பு. அதனால் அவரை எதிரியாக வைத்துப் பேசாதீர்கள். அவர் கையில் கொடுத்துக் காட்டக்கூடிய காகிதம்தான் அவருக்குத் தேவை.

அந்தக் காகிதம் இருக்கிறது. போக்சோ விதிகள், 2020-ன் 3-வது விதி, குழந்தைகளின் தனிப்பட்ட பாதுகாப்பு பற்றி வயதுக்கேற்ற பாடப்பொருளையும் பாடத்திட்டத்தையும் மத்திய, மாநில அரசுகள் தயாரிக்க வேண்டும் என்கிறது. பாலினச் சமத்துவ உணர்வை வளர்ப்பதும் அதில் அடங்கும். ஆயுஷ்மான் பாரத் பள்ளி நலத் திட்டத்தில், பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, வளர்பருவம், பாலினச் சமத்துவம், இனப்பெருக்க நலம் உட்பட 11 தலைப்புகளில் வாரம் ஒரு மணி நேரம் வகுப்பெடுக்கச் சொல்லப்பட்டிருக்கிறது. உங்கள் பள்ளியில் அந்தப் பயிற்சி பெற்றவர் யார் என்று விசாரியுங்கள். பெட்டியை அந்த வகுப்போடு சேர்த்துவிட்டால் அது உங்கள் தனி முயற்சியாக நிற்காது.

நடுநிலை உங்களைக் கட்டுப்படுத்தும் இடங்கள்

தீர்ப்பு உங்கள் பக்கம் இருக்கிறது என்பதற்காக எதையும் பேசலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். திருமணச் சட்டத்தைத் திருத்த வேண்டுமா என்பது இன்னும் விவாதத்தில் இருக்கும் அரசியல் கேள்வி. அதில் உங்களுக்கு உறுதியான கருத்து இருக்கலாம், ஆனால் அரசுச் சம்பளத்தில் வகுப்பில் நிற்கும்போது அதற்கு ஆள் சேர்க்க முடியாது. “சட்டம் இப்போது இப்படி இருக்கிறது, மாற்ற வேண்டும் என்றும் கூடாது என்றும் இருவிதமாகவும் பேசுகிறார்கள்” என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மத நம்பிக்கையும் அப்படித்தான். “எங்க வீட்டுல இது பாவம்னு சொல்றாங்க மிஸ்” என்று ஒரு பிள்ளை எழுந்து சொன்னால், அது தப்பு என்று நீங்கள் தீர்ப்பு சொல்லக் கூடாது. “அது உங்கள் வீட்டு நம்பிக்கை, அதை வைத்துக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. நான் சொல்வது மருத்துவமும் சட்டமும். எந்த நம்பிக்கையை வைத்தும் இந்த வகுப்பில் யாரையும் கேலி செய்ய முடியாது” என்றால் போதும். இந்த மூன்று வரியையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பதற்றத்தில் வாய் வேறு எங்கோ போய்விடும்.

சொற்களிலும் கவனம் வேண்டும். பத்திரிகைகளில் புழங்கும் ‘ஓரினச்சேர்க்கை’ என்ற சொல் ஓர் ஆளை ஒரு செயலாகச் சுருக்கிவிடுகிறது. ‘தன்பாலீர்ப்பு’ என்பது ஈர்ப்பை மட்டும் சொல்வதால், 15 வயதுப் பிள்ளைகளிடம் பேச அதுதான் ஏற்றது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசே 2022-ல் இத்தகைய மரியாதையான சொற்களின் தொகுப்பை அரசிதழில் வெளியிட்டிருக்கிறது. ‘அரசுக்கு இதில் நிலைப்பாடே இல்லை’ என்பவரிடம் காட்ட அதுவும் ஒரு சான்று.

நடுநிலை முடிந்துபோகும் இடம்

கேலி விஷயத்தில் உங்கள் தலைமையாசிரியர் சொல்வதை நான் ஏற்கவே மாட்டேன். ஒரு பக்கம் 40 பேர், இன்னொரு பக்கம் ஒரு பையன். இரண்டு பக்கமும் பேசாமல் இருந்தால் யார் பக்கம் இருந்ததாக ஆகும் என்பது அந்தப் பையனுக்குத் தெரியும். பதிவு செய்யப்பட்ட உங்கள் பதிலுக்கு ஒரே நாளில் எச்சரிக்கை, மாதக்கணக்கில் நடக்கும் கேலிக்கு ‘விளையாட்டு’ என்ற பெயர். இதை நடுநிலை என்று சொல்ல முடியாது.

குழந்தையைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர், தேவையற்ற மன, உடல் துன்பத்துக்கு அதை ஆளாக்கினாலோ, அப்படி ஆகும்வண்ணம் வேண்டுமென்றே புறக்கணித்தாலோ, சிறார் நீதிச் சட்டம், 2015-ன் 75-வது பிரிவில் தண்டனை உண்டு. இந்தப் பிரிவை மிரட்டலாகப் பயன்படுத்தாதீர்கள். ஆனால் ‘பேசினால்தான் ஆபத்து, பேசாவிட்டால் ஆபத்தில்லை’ என்ற கணக்கு தவறு என்பது உங்களுக்கும் அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இதைவிட நேரடியாக உதவுவது சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று சுஷ்மா வழக்கில் பிறப்பித்த உத்தரவு. பெற்றோரின் எதிர்ப்புக்குப் பயந்து சென்னைக்கு வந்த இரு பெண்களின் பாதுகாப்புக்காகத் தொடங்கிய வழக்கு அது. பள்ளிகளுக்கு அதில் சொல்லப்பட்டவற்றில் முதன்மையானது, பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டங்களைப் பயன்படுத்தி இத்தகைய மாணவர்கள் பற்றிப் பெற்றோருக்குப் புரியவைக்க வேண்டும் என்பது. மாணவர்களின் குறைகளைக் கேட்க இதில் புரிதல் உள்ள ஆலோசகர்கள் வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. பெற்றோர் சத்தம் போடுவதால் பேசக் கூடாது என்கிறார் உங்கள் தலைமையாசிரியர். பெற்றோருக்குப் புரியாததால்தான் பேச வேண்டும் என்கிறது நீதிமன்றம்.

எதையும் சொல்லாமல் விடுவது எப்படித் தீங்காகும் என்பதற்கு 377 விஷயத்திலேயே ஒரு சான்று உண்டு. புதிய தண்டனைச் சட்டத்தில் அந்தப் பிரிவை முழுதாக விட்டுவிட்டார்கள். சம்மத உறவைப் பொறுத்தவரை அது நல்லதுதான். ஆனால் சம்மதமில்லாமல் வயது வந்த ஓர் ஆணுக்கு நடக்கும் பாலியல் கொடுமையைத் தண்டிக்க இருந்த பிரிவும் அதோடு சேர்ந்து போய்விட்டது. வன்புணர்ச்சிப் பிரிவு பெண்ணை மட்டுமே பாதிக்கப்பட்டவராகக் கருதுகிறது.

அந்த மாணவன் விஷயத்தில்

ஒரு சிறு திருத்தம். “அவன் திருநங்கையாக மாறிவிடுவானோ” என்று எழுதியிருக்கிறீர்கள். யாரைப் பிடிக்கிறது என்பது வேறு, தன்னை ஆணாகவோ பெண்ணாகவோ உணர்வது வேறு. அவன் சொன்னது முதலாவதை மட்டுமே. சொல்லாததை நீங்களாக ஊகிக்க வேண்டாம்.

பெற்றோரிடம் சொல்ல வேண்டிய சட்டக் கடமை உங்களுக்கு இல்லை. பாலீர்ப்பு அந்தரங்க உரிமைக்குள் வரும் என்று புட்டசாமி வழக்கில் 2017-ல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு சொல்லியிருக்கிறது. டாக்டர் தேடிக்கொண்டிருக்கும் அப்பாவிடம் உறுதிசெய்து சொல்வது அடி உதைக்கும், வீட்டுச் சிறைக்கும், படிப்பு நின்றுபோவதற்கும் வழிவிடலாம். அவனாகச் சொல்லும் நாளை அவனே முடிவு செய்யட்டும். சக ஆசிரியர்களிடமும் சொல்லாதீர்கள். ஓய்வறையில் நம்பிக்கையோடு சொன்னது சாயங்காலமே பள்ளி முழுக்கப் பரவிவிடும்.

ஆனால் “யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று அவனுக்கு முழு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்திருந்தால் இப்போதே திருத்துங்கள். “நீ யாரை விரும்புகிறாய் என்பதை நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். ஆனால் யாராவது உன்னிடம் தவறாக நடந்துகொண்டால், அல்லது உன்னையே நீ காயப்படுத்திக்கொள்ள நினைத்தால், உன்னைக் காப்பாற்ற நான் சிலரிடம் சொல்லியாக வேண்டும்.” இதைச் சொல்லும்போது அறைக் கதவு திறந்திருக்கட்டும். மற்றவர் கண்ணில் படும்படி, காதில் விழாதபடி உட்காருங்கள்.

போக்சோ பற்றிய உங்கள் குழப்பம் பலருக்கும் உண்டு. 19-வது பிரிவு, குற்றம் நடந்ததாகத் தெரிந்தாலோ நடக்கலாம் என்ற அச்சம் இருந்தாலோ காவல் துறைக்குச் சொல்ல வேண்டும் என்கிறது. சொல்லாவிட்டால் 21-வது பிரிவில் ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ, நிறுவனத்தின் பொறுப்பாளர் என்றால் ஓராண்டு வரையோ. ஒரு பையன் தன் விருப்பத்தைச் சொல்வது குற்றமும் அல்ல, குற்றம் பற்றிய தகவலும் அல்ல. அதை வைத்துப் புகார் கொடுத்தால் அவனைக் காட்டிக்கொடுத்ததாகத்தான் ஆகும். மாறாக, கழிப்பறையில் யாராவது அவனைத் தொட்டார்கள், ஆடையை இழுத்தார்கள், போனில் படமெடுத்தார்கள் என்று சொன்னால் நிலைமை முற்றிலும் வேறு. அப்போது தலைமையாசிரியரின் அனுமதிக்காகக் காத்திருக்க முடியாது. நல்லெண்ணத்தோடு தகவல் கொடுப்பவருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. அவன் ஏன் இடைவேளையில் கழிப்பறைக்குப் போக மறுக்கிறான் என்பதை நீங்கள் இன்னும் கேட்கவில்லை என்று தெரிகிறது. இந்த வாரமே கேளுங்கள்.

அப்பா தேடும் ‘சிகிச்சை’ பற்றி: அப்படி ஒரு சிகிச்சை கிடையாது. பாலீர்ப்பை மாற்றும் மருத்துவ முயற்சிகளைச் சுஷ்மா வழக்கின் உத்தரவு தடை செய்கிறது, செய்பவரின் உரிமத்தை ரத்து செய்வது உட்பட நடவடிக்கை எடுக்கச் சொல்கிறது. தேசிய மருத்துவ ஆணையமும் 2022-ல் அதைத் தொழில்முறைத் தவறாக அறிவித்தது. அப்பா உங்களிடம் வந்து பேசினால், பையன் சொன்னதை உறுதிப்படுத்தவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம். “பசங்க பேசுவதைப் பற்றி நான் எதுவும் சொல்ல மாட்டேன் சார். பையன் மனசு கஷ்டத்தில் இருக்கான், அதுக்கு அரசாங்க மனநல உதவி எண் 14416 இருக்கு, இலவசம்” என்பதோடு நிறுத்துங்கள். குழந்தை உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறையின் 14417 இரண்டையும் வகுப்பில் எல்லோருக்குமாகப் பலகையில் எழுதிப்போடுங்கள். அவன் ஒருவனிடம் மட்டும் கொடுத்தால் அவன் நோட்டிலிருந்து அது வெளியே வரும்.

மெமோ வந்தால், வராவிட்டாலும்

17 பி என்பது தலைமையாசிரியர் வாயால் சொல்லிக் கொடுத்துவிடும் தண்டனை அல்ல. ஒழுங்கு நடவடிக்கை அதிகாரம் உள்ள அலுவலர் குற்றச்சாட்டை எழுத்தில் தர வேண்டும், நீங்கள் பதில் தர வேண்டும், விசாரணை நடக்க வேண்டும், சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய உங்களுக்கு வாய்ப்புத் தர வேண்டும், அறிக்கையின் நகல் உங்களுக்குக் கிடைக்க வேண்டும். சிறு தண்டனைக்கான 17 ஏ-யில்கூட விளக்கம் கேட்காமல் எதுவும் செய்ய முடியாது.

மெமோவுக்காகக் காத்திருக்காமல், நீங்களே ஒரு பக்கத்தில் குறிப்பு எழுதிக் கொடுங்கள். தேதி, பாடவேளை, பாடத்தின் பெயர், சீட்டில் இருந்த கேள்வி, நீங்கள் சொன்ன பதில், மூன்றாவது வாக்கியத்தை எந்தத் தேதியில் திருத்தினீர்கள் என்பது. கடைசியில், “இப்பொருளில் மாணவர் கேள்விகளுக்குப் பதில் அளிக்கக் கூடாது என்ற அரசாணையோ சுற்றறிக்கையோ இருப்பின் நகல் வழங்கக் கேட்டுக்கொள்கிறேன்” என்ற ஒரு வரி. இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியோடு பெற்றுக்கொண்ட கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபால். நகல் வராவிட்டால், தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு இதே கேள்வியை முதன்மைக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை, 30 நாளில் பதில் தர வேண்டும். ‘அப்படியொரு சுற்றறிக்கை இல்லை’ என்ற பதில் வந்தால் அதைவிட நல்ல ஆவணம் உங்களுக்கு வேறில்லை.

இங்கே பலர் தவறும் ஓர் இடம் உண்டு. அந்தத் துண்டுச்சீட்டை விளக்கத்தோடு இணைத்துவிடாதீர்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளையின் கையெழுத்து, விடைத்தாளோடு ஒப்பிட்டால் ஐந்து நிமிடத்தில் யாரென்று தெரிந்துவிடும். கேள்வியைத் தட்டச்சில் மட்டும் தாருங்கள். பிரச்சினை தொடங்கிவிட்டதால் கிழித்தும் போடக் கூடாது. உறையிலிட்டு ஒட்டி வைத்திருங்கள், விசாரணை அதிகாரி கேட்டால் அவரிடம் மட்டும் காட்டத் தயார் என்று எழுதுங்கள். இனிமேல் சீட்டுகளைப் படித்து முடித்த அன்றே அழித்துவிடும் வழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள், அதை முன்கூட்டியே பிள்ளைகளிடமும் சொல்லிவிடுங்கள்.

வாட்ஸ்அப் குழுவில் ஒரு வார்த்தையும் பதில் போடாதீர்கள். வந்தவற்றைத் தேதி தெரியும்படி திரைப்பிடிப்பு எடுத்து வையுங்கள். ஊடகத்திடம் அனுமதியின்றிப் பேசுவது நடத்தை விதிப் பிரச்சினையாக மாறும். இப்போது உங்கள் மீது உறுதியான குற்றச்சாட்டு எதுவும் இல்லை, நீங்களாக ஒன்றை உருவாக்கித் தராதீர்கள்.

பெற்றோரைப் பொறுத்தவரை, பாலியல் கல்வி வகுப்பிலிருந்து பிள்ளையை விலக்கிக்கொள்ளும் தனிச் சட்ட உரிமை இந்தியாவில் இல்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2025 ஜூனில், இத்தகைய கதைப்புத்தகங்களை வகுப்பில் வாசிக்கும்போது மத நம்பிக்கை காரணமாகப் பிள்ளையை விலக்கிக்கொள்ளக் கேட்ட பெற்றோருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது, அதைக் காட்டி யாராவது வாதிட்டால் அது இங்கே பொருந்தாது என்று சொல்லலாம். ஆனால் உரிமை இல்லை என்று சொல்லி முகத்தில் அடிப்பது வேண்டாம். பெரும்பாலான பெற்றோர் பயப்படுவது, மூடிய அறைக்குள் பிள்ளைக்கு என்ன சொல்கிறார்கள் என்று தெரியாததால். அடுத்த பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் பாடப்புத்தகப் பக்கத்தையே திறந்து காட்டுங்கள். பிள்ளைகள் கேட்ட சீட்டுகளில் பருவமடைதல், மாதவிடாய், முகப்பரு, கனவில் விந்து வெளியேறுவது போன்ற பொதுவான கேள்விகளைப் பத்து, யாருடையது என்று தெரியாதபடி, உங்கள் வார்த்தைகளில் வாசியுங்கள். தன் பிள்ளைக்கு இவ்வளவு சந்தேகம் இருக்கிறது என்று தெரியும்போது அறையின் சூடு தணிந்துவிடும். தன்பாலீர்ப்பு பற்றிய கேள்வியை அந்தப் பத்தில் ஆறாவதாகவோ ஏழாவதாகவோ வையுங்கள், முதலிலும் கடைசியிலும் வேண்டாம். அந்த மாணவனின் அப்பாவும் கூட்டத்தில் இருப்பார் என்பதை நினைவில் வைத்துப் பேசுங்கள்.

தலைமையாசிரியரின் கையெழுத்தோ அரசாணையோ கூட்டமோ எதுவும் தேவைப்படாத ஒன்றை நாளைக் காலையே செய்யலாம். மணி அடித்தபின் அந்தப் பையன் கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்டால், காரணம் கேட்காமல், மற்ற பிள்ளைகள் கேட்கும்போது தருவது போலவே அனுப்பிவையுங்கள்.

அன்புடன்,
உங்கள் வழக்கறிஞர்